மூடியைப் போடும் முன் கூப்பிட்டவர்

இந்த அகாலத்தில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தான். தங்கராசு அண்ணன் பட்டறையில் வண்டி விட்ட குடும்பத்தார் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை விடியும்போது, பட்டறையில் அவரோடு வேலை பார்த்த செல்வம் போன் செய்தார். "அக்கா, அண்ணே போயிட்டாரு. தூக்கத்துலேயே." அழுகை வந்தது. அதன் நடுவிலேயே எங்கள் லாரியும் நினைவுக்கு வந்தது. இஞ்சினுக்குள் பல்லோடு பல் கோத்துச் சுழலும் டைமிங் கியர்கள் தேய்ந்துபோயிருந்தன; அவற்றை மாற்றி, முந்தின நாள் சாயங்காலம்தான் அண்ணன் மூடியிருந்தார். காலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பதாக இருந்தது.

அந்தக் கியர்களில் ஒன்று பல் மாறி உட்கார்ந்தால் வால்வில் பிஸ்டன் போய் இடித்து இஞ்சினே உடைந்துவிடும். போடிமெட்டு மலை ஏற்றத்தில், லோடோடு அப்படி ஆனால்? அந்த லாரியை ஓட்டுகிற என் வீட்டுக்காரர் இருமினாலே தெர்மாமீட்டரைத் தேடுகிறவள் நான்.

அண்ணனின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கியர் மூடியைப் போடும் முன், வண்டிக்காரருக்காக வீட்டில் காத்திருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுவார். "ஓட்டுறவனுக்கு ரோட்டு மேல கண்ணு. வாசலப் பாத்துக்கிட்டு கெடக்குறவுகதான் இதப் பாக்கணும்" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டார். "ஆத்தா, நெயில் பாலிஷ் இருந்தா வெரசா கொண்டா."

"யாருக்குண்ணே?"

"இஞ்சினுக்குத்தான். மலைக்கு விருந்துக்குப் போகுதுல்ல!"

சேர வேண்டிய பற்களில் சிவப்புப் பொட்டு வைத்து, கியர்களை மாட்டிவிட்டு, டார்ச்சை என் கையில் கொடுத்தார். "ஜோடி ஜோடியா நிக்குதா?"

"நிக்குதுண்ணே."

"இன்னொருக்கா பாரு. பயப்படுறது தப்பில்ல ஆத்தா. பாத்துட்டுப் பயப்படு."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொட்டாக மறுபடி பார்த்தேன். அதன் பிறகே மூடினார்.

காரியமெல்லாம் முடிந்ததும் கூட்டாளி டிரைவர் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "அவரு கடைசியாத் தொட்ட இஞ்சின், மாப்ளே. எதுக்கும் பிரிச்சுப் பாத்துருவோம்." எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். வண்டியை எடுக்கவிடாமல் முதலில் தடுக்கப்போவது நான்தான் என்று நினைத்திருப்பார்கள்.

"பிரிக்க வேணாம். நான் பாத்தேன். எல்லா ஜோடியும் சரியா நின்னுச்சு" என்றேன்.

செல்வம் முதலில் இஞ்சினைக் கையாலேயே சுழற்றிப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை. பிறகுதான் சாவியைப் போட்டார்கள்.

இன்று உர லோடோடு எஸ்டேட்டுக்குப் போனார். மேலே ஏறியதும் போன். "ஏ புள்ள, மெட்டுக்கு வந்துட்டேன். கரகரன்னு ஒரு சத்தம் கெடையாது. அண்ணே பக்கத்துல உக்காந்து வந்த மாதிரி இருக்கு." அப்போதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. லோடை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, இப்போது பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார். அதுவும் நல்ல சத்தமாகத்தான் கேட்கிறது.

அந்த நெயில் பாலிஷ் பாட்டிலில் அண்ணனின் கிரீஸ் விரல்தடம் இருக்கிறது. துடைக்கப்போவதில்லை. "பாத்துட்டுப் பயப்படு" என்ற சொல்லையும் நானே வைத்துக்கொள்கிறேன்.

இனிப் பட்டறையைச் செல்வம்தான் நடத்துகிறார். "அண்ணே கூப்பிட்டா பாக்க வந்தீக. நான் கூப்பிட்டா வருவீகளா அக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் வருவீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.