ஆமை புகுந்த வீடு

எங்கள் எதிர் குவார்ட்டர்ஸ்காரர் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். நெட்டையான ஆள். ஷிப்ட் முடிந்து வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், வீட்டில் ஆமை வளர்க்கும் தொட்டியின் கண்ணாடியில் காதை வைத்து ஃபில்டர் மோட்டார் சத்தத்தைக் கேட்பார்.

தொட்டி வைத்த வாரமே பிளாக்கில் பேச்சு கிளம்பியது. நான் அவர் வீட்டில் நின்றிருந்தபோதே மாடிவீட்டு அம்மா வந்து சொன்னார்: "ஆமை புகுந்த வீடு உருப்படாது அண்ணே. எங்கயாவது விட்டுடுங்க."

ஃபில்டர் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"ஊருல எங்க வூட்ட சுரங்கத்துக்கு எடுத்துக்கினாங்களே, அங்க எந்த ஆமை பூந்துச்சுங்க?"

அந்த அம்மா மாடியேறிப் போனார்.

மறுநாள் பம்ப் ஆபரேட்டர் தண்ணீரை இறைத்துவிட்டு, உள்ளறையில் இருந்த தொட்டியை வாசலுக்கு நேராக இழுத்து வைத்தார். இப்போது யார் கதவைத் தட்டினாலும் முதலில் தலையை நீட்டிப் பார்ப்பது ஆமைதான்.