ஆட்டை ராப் பண்ண முடியாது

பொருளைப் பறிகொடுத்தவர் எதிரில் நின்று புலம்பும்போது, அதற்குப் பொருத்தமான இங்கிலீஷ் வினைச்சொல்லைத் தேடுவதுதான் என் பிழைப்பு. அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் போலீஸ் மனுக்கள் டைப் அடித்துக் கொடுத்தேன். ஸ்டீல் (steal), ராப் (rob) என்ற இரண்டு வினைச்சொற்களிடமும் பள்ளிக்கூடத்திலேயே அடிபட்ட உங்களுக்கு என் பாடு புரியும்.

ஆடு

கருவேப்பிலங்குறிச்சி விவசாயி ஒருவர் தன் ஆடு களவுபோனதற்கு ‘ராப்’ என்றுதான் போட வேண்டும் என்றார்; அதில்தான் காரம் இருக்கிறதாம். பொருளைத் தூக்கிக்கொண்டு போனால் ஸ்டீல், ஆளை மடக்கிப் பிடுங்கினால் ராப் என்று விளக்கினேன். ஆட்டை ராப் செய்ததாக எழுதினால், ஆட்டிடமிருந்து எதையோ பிடுங்கினார்கள் என்றாகிவிடும்.

அவர் விடவில்லை. “கழுத்துல மணி இருந்துதுங்க. அதுக்காவது ராப் போடுங்க.”

பொம்மை

பீங்கான் பொம்மை செய்யும் முதலாளி ஒருவர் கொதித்துக்கொண்டு வந்தார். பொதுச் சூளைக்கு அனுப்பிய அவருடைய இரண்டு பெட்டிப் பொம்மைகளைக் காணோம். சூளையில் பெட்டி அடுக்கும் கோவிந்தன்மேல் மனு வேண்டும். மனு போனால் கோவிந்தனுக்கு வேலையும் போகும், ஜெயிலும் நிச்சயம். அவன் மனைவி அஞ்சலை என் கடை வாசலிலேயே நின்றாள்.

“பூட்டை உடைத்தானா? மிரட்டினானா? சும்மா எடுத்தானா? ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்கிறது” என்றேன்.

“மூணையும் அடிங்க சார். இன்ஸ்பெக்டருக்கு எது புடிக்குதோ அத எடுத்துக்கட்டும்.”

குங்குமம்

எடுத்ததை யாராவது பார்த்தார்களா என்று கேட்டேன். “அதான் காணோமே, போதாதா?” என்றார். வினைச்சொல் கிடைக்காமல் நான் டைப் அடிப்பதில்லை. அஞ்சலையும் சேர்த்து மூவரும் சூளைக்குப் போனோம்.

அங்கே பல பேருடைய பொம்மைகள் அடுக்கிய களிமண் பெட்டிகள் ஒன்றாக வேகும். அவரவர் பெட்டியில் அவரவர் காவிக்குறி இருக்கும். அது நெருப்புக்கு அழியாது. குறி இல்லாத பெட்டியை யாரும் திறக்காமல் ஓரமாக வைத்துவிடுவார்கள். அப்படி இரண்டு ஓரத்தில் கிடந்தன.

“உங்கள் குறி என்ன?”

“எப்பவும் காவிதான். இந்தவாட்டி வெள்ளிக்கிழமையாச்சேன்னு குங்குமம் வச்சேன்” என்றவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

கோவிந்தன் பெட்டிகளைத் திறந்தான். உள்ளே அவருடைய பிள்ளையார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். “பொட்ட அழிச்சது நெருப்புதாங்க. அதும்மேல அடிங்க மனு!”

ஸ்டீலுக்கும் ராபுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களைவிட, ‘காணோம்’ என்பதற்கும் ‘திருடிட்டான்’ என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களால்தான் என் டைப்ரைட்டர் ஓய்வில்லாமல் ஓடியது.