பரிபூரணத்துக்குக் கிடைத்த இங்கிலீஷ் பட்டம்

ராஜபாளையத்து நூல் மில் ஒன்றின் ஆபீசில் பரிபூரணம் ஒருத்திதான் பெண். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஏறும்போது ஆரம்பிக்கிற பேச்சு இறங்கும்வரை ஓயாது. கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருக்கும். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே பணியாரம்தான். அந்தக் காந்தல் இன்னும் அடங்கவில்லை. யாராவது முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தால் முந்தானையால் வாயைத் துடைப்பதுபோல மறைத்துக்கொள்வாள்.

1986-ல் கல்கத்தாவிலிருந்து முகர்ஜி என்று ஒரு மானேஜர் வந்து சேர்ந்தார். மூன்றாம் வாரம், பஞ்சு வியாபாரி ஒருவருக்கு அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட கடிதத்தை டைப் அடித்துக் கொண்டுவந்தாள். படித்துவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் சொன்ன வரி ஒன்றைக் காணோம்.

தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவள் விளக்கினாள்: "அது கோபத்துல சொன்ன வரி சார். வியாபாரத்துக்கு ஆகாது. எடுத்துட்டேன்."

முகர்ஜி சிரித்துவிட்டார். "யூ ஹேவ் எ லாட் ஆஃப் சீக், பரிபூரணம்!"

இடத்துக்கு வந்து கைப்பையிலிருந்த குட்டி அகராதியைப் புரட்டினாள். சீக் என்றால் கன்னம், அவ்வளவுதான் போட்டிருந்தது. ஆக, 'உனக்கு நிறையக் கன்னம் இருக்கிறது' என்கிறார். கடிதத்தைப் பார்ப்பார் என்று நினைத்தால் மனுஷன் கன்னத்தைப் பார்த்திருக்கிறார்! மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கவேயில்லை. திரும்பும் பஸ்ஸில் அவள் வாயே திறக்காததைப் பார்த்து, உடம்புக்கு என்னவென்று கண்டக்டர் விசாரித்தார்.

வீட்டில் புருஷன் காசிராஜன் லீவில் வந்திருந்தார். பட்டாளத்தில் ஹவில்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் சிவந்தது.

"சீக்குன்னா கன்னந்தான். பதினாலு வருசமா அதைத் துப்பாக்கிக் கட்டையில ஒட்டி வச்சுத்தான சுடுதேன். எனக்குத் தெரியாதா?"

"சண்டை கிண்டை போட்டுறாதீய. வேலை போயிரும்."

"சண்டை எதுக்குட்டி? மருவாதியாக் கேட்டுட்டு வாரேன்."

மரியாதையாகக் கேட்பதற்கென்று மறுநாள் மீசையை அரைமணி நேரம் முறுக்கினார். மில்லில் மானேஜர் அறைக்கு வெளியே இருவரும் காத்திருந்தபோது மெஷின் பழுதுபார்க்கும் ஃபிட்டர் தங்கச்சாமி அந்தப் பக்கம் வந்தார். பரிபூரணம் அவரிடமும் மெதுவாகக் கேட்டு வைத்தாள்.

"சீக்கா? செயின் கப்பிக்கு ரெண்டு பக்கமும் தகடு இருக்குல்லா, அது சீக் பிளேட்டு. ஏன், உடைஞ்சிருச்சா?"

"என் சம்சாரத்தைக் கப்பின்னா சொல்லுதான்?" என்று காசிராஜன் எழுந்துவிட்டார். உள்ளே போனதும் பழக்கதோஷத்தில் சல்யூட் ஒன்று அடித்துவிட்டு, பட்டாளத்து இந்தியில் கேட்டார்: "என் வீட்டுக்காரியின் கன்னத்தைப் பற்றி நீங்கள் பேசலாமா?"

முகர்ஜிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. பரிபூரணத்தின் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அலமாரியிலிருந்து தலையணை கனத்துக்கு ஓர் அகராதியை எடுத்து அவள் முன்னால் விரித்து வைத்தார்.

படித்தாள். பழைய இங்கிலீஷில் அது தாடையாம். பிறகு அதன்மேல் இருக்கிற சதை. கருவிகளின் இரு பக்கங்களுக்கும் அதே பெயர். தங்கச்சாமி சொன்னது சரிதான். அடுத்ததாக, மனிதர்கள் உட்காரும் இடத்தைப் பற்றி ஒன்று இருந்தது. அதை வாய்விட்டுப் படிக்காமல் தாண்டினாள். அதற்கும் கீழே வந்ததும் நின்றுவிட்டாள். தாடையை ஆட்டி எதிர்ப்பேச்சு பேசுவதிலிருந்து இந்த அர்த்தம் வந்திருக்கலாம் என்று முகர்ஜி சொன்னார்.

"என்னட்டி போட்டிருக்கு?"

"பெரியவங்ககிட்டக் கூசாமப் பேசுறதாம்."

"வெளங்குற மாதிரிச் சொல்லு."

"வாய்க்கொழுப்பு" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

காசிராஜன் மீசையை ஒருதரம் தடவிக்கொண்டார். பிறகு மேஜையைச் சுற்றிப் போய் முகர்ஜியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கரெக்ட் சார்! ரொம்பக் கரெக்ட்!"

அவர் கன்னத்தைச் சொல்லவில்லை என்ற நிம்மதி பரிபூரணத்துக்கு ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. புருஷனை முறைத்துவிட்டு மானேஜரிடம் திரும்பினாள். "எனக்கு வாய் இருக்கட்டும் சார். அந்த வரியை நான் எடுத்தது சரியா, தப்பா? அதைச் சொல்லுங்க."

"சரிதான்" என்றார் முகர்ஜி. "கடிதம் நேற்றே போய்விட்டது."

அதன்பிறகு முக்கியமான கடிதங்களை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. விஷயத்தை மட்டும் சொல்லிவிடுவார். எழுதுவது பரிபூரணத்தின் பாடு. அவர் மாற்றலாகிப் போன பிறகும் அந்த வழக்கம் நிலைத்தது. 1994-ல் ஈரோட்டு வியாபாரி ஒருவர், இந்தக் கடிதங்களை எழுதுகிற பெரியவரைப் பார்க்க வேண்டும் என்று வந்தார். எதிரில் பரிபூரணத்தைக் கண்டதும் திகைத்து நின்றார்.

"உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினாள் அவள். "போன மாசம் நீங்க எழுதின லெட்டர்ல மூணு தப்பு இருந்துச்சு. பார்த்துரலாமா?"

அவர் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.