நான்காம் பக்கத்துத் திருத்தம்

பல்கலைக்கழகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மடல் சார் என்பார்கள். மாதந்தோறும் ஐந்தாம் தேதி வெளிவரும் நான்கு பக்க ஊழியர் செய்திமடலுக்கு எழுதுபவர், பிழை திருத்துபவர், அச்சகத்துக்கு அலைபவர் எல்லாம் அவர் ஒருவரே. யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு ஓய்வு, எந்த வாசல் பழுதுபார்க்க மூடியிருக்கும் என்பதெல்லாம் இருபத்திரண்டு வருடமாக அவர் கையைத் தாண்டித்தான் ஊழியர்களைப் போய்ச் சேர்ந்தது.

மடலின் மூன்றாம் பக்கம் அவருடைய செல்லப்பிள்ளை. ‘ஊழியர் குரல்’ என்று பெயர். கேன்டீன் வாசலில் பூட்டுப் போட்ட தகரப்பெட்டி ஒன்று தொங்கும். குறை உள்ளவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம், கையெழுத்துப் போட வேண்டியதில்லை. சாவி மடல் சாரிடம் மட்டும். மாதம் இருபதாம் தேதி பெட்டியைத் திறப்பார். எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, சீட்டில் உள்ளதைத் தட்டச்சு செய்த கையோடு சீட்டை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டுவிடுவார். இது அவரே வைத்துக்கொண்ட நடைமுறை. இதுவரை ஒரு சீட்டு எழுதியவரின் பெயரும் வெளியே வந்ததில்லை. அந்த விஷயத்தில் ஊழியர்கள் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்.

பெயர் வெளியே வராது, சரி. எழுதிய விஷயம் வெளியே வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

பொறுப்பேற்ற முதல் வருடம் ஒரு சீட்டை வந்தபடியே போட்டிருந்தார். ‘இரண்டாம் தளக் கழிவறையில் ஆறு மாதமாகத் தாழ்ப்பாள் இல்லை, ஆள் இருப்பது தெரிய உள்ளே பாட்டுப் பாட வேண்டியிருக்கிறது’ என்பது அந்தச் சீட்டு. வளாகமே வயிறு வலிக்கச் சிரித்தது. நிர்வாகம் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாரமே அவரைப் பழைய ஆவண அறைக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் தூசியில் உட்கார்ந்து தும்மிவிட்டுத் திரும்பி வந்தவர், பூசி மெழுகுவதைக் கலையாகவே கற்றுக்கொண்டார். ‘கேன்டீன் டீ கழுவின தண்ணி மாதிரி இருக்கு’ என்று வந்தால், ‘தேநீரின் சுவையை மேலும் உயர்த்த வாய்ப்புள்ளது’ என்று அச்சாகும். ‘லிஃப்டுக்குள்ள மாட்டி ஒரு மணி நேரம் கத்தினேன்’ என்று வந்தால், ‘மின்தூக்கியில் ஒலிபெருக்கி வசதி வரவேற்கத்தக்கது’ என்று அச்சாகும்.

அவர் மனைவி அதே பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பிரிவில் இருந்தாள். மாதா மாதம் மடலைப் படித்துவிட்டு ஒரே கேலிதான்.

“இதைப் படிச்சா இந்த இடத்துல ஒரு வேலை கிடைக்காதான்னு ஆசையா இருக்குங்க. அப்புறம்தான் ஞாபகம் வருது, அங்கதானே வேலை பார்க்கிறோம்னு.”

“நயமா சொன்னாதான் மேல இருக்கறவங்க காதுல விழும்” என்பார் அவர். அதை அவர் நம்பவும் செய்தார். பாவம், பயத்துக்கு நயம் என்று பெயர் வைத்து இருபது வருடம் ஓட்டிவிட்டார்.

பிப்ரவரி மாதத்துப் பெட்டியில் பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று கிடந்தது. குண்டுக் குண்டான எழுத்து. ‘லைப்ரரி மொட்டமாடிக்கு போற இரும்பு படில கைப்பிடி கையோட வருது. தினம் பயந்துக்கிட்டே ஏறுறேன். யாராவது விழறதுக்கு முன்னாடி வந்து பாருங்க.’

படித்ததும் மடல் சாருக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த மார்ச் இதழின் முதல் பக்கத்தில் பராமரிப்புப் பிரிவுக்கு விருது கொடுத்த படம் வருகிறது. அந்தப் பிரிவின் பொறியாளர் மாலையும் கழுத்துமாக நிற்கிறார். முதல் பக்கத்தில் மாலை, மூன்றாம் பக்கத்தில் கையோடு வரும் கைப்பிடி என்றால் நன்றாகவா இருக்கும்? இரண்டு டீ குடித்து யோசித்து, அவர் தட்டச்சு செய்தது இது: ‘நூலக மொட்டைமாடிப் படிக்கட்டின் கைப்பிடிக்குப் புது வண்ணம் பூசினால் கட்டடத்தின் பொலிவு கூடும் என ஊழியர் ஒருவர் ஆவல் தெரிவித்துள்ளார்.’ பொறியாளரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே சீட்டை நான்காகக் கிழித்தார். அடுத்த வாரம் பொறியாளரை வராந்தாவில் பார்த்தபோது விருதுக்கு வாழ்த்துச் சொன்னார். மற்றது மறந்துபோயிற்று.

ஏப்ரல் இரண்டாம் வாரம், காலை எட்டு மணிக்கு, நூலகத்தில் மூன்றாம் மாடியைப் பெருக்கித் துடைக்கும் அம்மாள் தண்ணீர்த் தொட்டியின் வால்வைத் திறக்க மொட்டைமாடிக்கு ஏறினாள். எல்லோருக்கும் அவள் மூணாம் மாடியக்கா. கைப்பிடி கையோடு வந்தது. பத்துப் படி உருண்டதில் இடுப்பெலும்பு உடைந்தது.

சேதி அலுவலகத்துக்கு வந்தபோது மடல் சார் ஓய்வு பெறுபவர்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி பட்டியலைப் பார்த்தார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

விசாரணைக் குழு போட்டார்கள். வேலையில் பட்ட காயம் என்று குழு எழுதினால் சிகிச்சைச் செலவும் விடுப்பும் அவளுக்குக் கிடைக்கும், குணமானதும் வேலைக்குத் திரும்பலாம். சொந்தக் கவனக்குறைவு என்று எழுதினால் மூன்று மாதத்தில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். ஆஸ்பத்திரியில் வாங்கிய வாக்குமூலத்தில் அவள், ‘பெட்டியில் சீட்டுப் போட்டேன், யாரும் வந்து பார்க்கவில்லை’ என்று சொல்லியிருந்தாள். அதனால் மடல் சாரைக் கூப்பிட்டார்கள்.

குழுவுக்குத் தலைவரான துணைப் பதிவாளர் மார்ச் இதழை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் பொறியாளர்.

“பாருங்க, கைப்பிடியைப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் வந்திருக்கு. அதுவும் பெயிண்ட் அடிக்கச் சொல்லி. ஆபத்துன்னு ஒரு வார்த்தை இல்லை” என்றார் துணைப் பதிவாளர். “சீட்டுல இருந்தது இதுதானே சார்?”

மடல் சார் தான் எழுதிய வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் எழுத்து முழுவதும் அவருக்கு நினைவிருந்தது, ஒரு வார்த்தை விடாமல். ஆவண அறையின் தூசியும் நினைவிருந்தது.

“சீட்டு... கிழிச்சுட்டேன் சார். வழக்கம் அதுதான்.”

“அது தெரியும். விஷயம் இதுதானே?”

“சாராம்சம்... இதுதான் சார்.”

“அப்ப சரி” என்று துணைப் பதிவாளர் குறித்துக்கொண்டார். இறுதிக் கூட்டம் மே பத்தாம் தேதி என்றார்கள்.

வீட்டில் அன்று சாப்பாடு இறங்கவில்லை. மனைவி இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் வழக்கம்போல் கேலி செய்வாள் என்று நினைத்தார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“முதல்ல போய் அந்தப் பொம்பளையைப் பாருங்க” என்றாள்.

மூணாம் மாடியக்கா ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரே அறை. சுவரோரக் கட்டிலில் அசையாமல் படுத்திருந்தாள். மடல் சாரைப் பார்த்ததும் எழப்பார்த்து, முடியாமல், தங்கையை விரட்டினாள்.

“ஏய், நாற்காலியைத் தொடைச்சுப் போடுடி. பெரிய மனுஷர் வந்திருக்காரு.”

தங்கை முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மடல் சார் நுனியில் உட்கார்ந்தார். நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே வந்திருந்தார். வாயைத் திறப்பதற்குள் அவள் தலையணைக்கு அடியிலிருந்து மார்ச் இதழை எடுத்தாள். மூன்றாம் பக்கம் மேலே தெரியும்படி மடித்து வைத்திருந்தாள்.

“நான் எழுதினதை நீங்க பேப்பர்ல போட்டீங்களே சார், அதுவே பெரிசு. எட்டாவதோட நின்னவ நான். ஆனா ஒண்ணுதான் சார் மனசுக்குள்ள உறுத்துது.”

“என்னம்மா?”

“கைப்பிடி கையோட வருதுன்னு எழுதினதாத்தான் எனக்கு ஞாபகம். இதுல வேற மாதிரி இருக்கு. எனக்கு எழுதத் தெரியல போல, நீங்களும் என்னதான் செய்வீங்க, புரிஞ்ச வரைக்கும் நல்லா திருத்திப் போட்டிருக்கீங்க. நான் மட்டும் சரியா எழுதியிருந்தா அன்னிக்கே வந்து பார்த்திருப்பாங்க, இல்லையா சார்? என் புத்தியை நான்தான் நொந்துக்கணும்.”

மடல் சாருக்கு அந்த நாற்காலியோடு தரைக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. அவள் தன்னைத் திட்டியிருக்கலாமே என்று ஏங்கினார். உடைந்த இடுப்போடு படுத்துக்கொண்டு, செய்யாத தப்புக்கு அவள் வெட்கப்பட்டாள். செய்தவர் பெரிய மனுஷராகத் துடைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். தங்கை டீ டம்ளரை நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆமாம், அன்றும் சொல்லவில்லை. அந்த வெட்கமும் சேர்ந்துகொண்டது.

செய்திமடலில் யாருமே படிக்காத இடம் ஒன்று உண்டு. நான்காம் பக்கத்தின் அடியில் ‘திருத்தம்’ என்று ஒரு சின்னக் கட்டம். எந்தப் பேராசிரியரின் தலைப்பெழுத்து மாறிப்போயிற்று, யாருடைய பட்டம் விட்டுப்போயிற்று என்பதெல்லாம் அதில் வரும். துணைப் பதிவாளர் பக்கங்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடும்போது அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். அச்சுக்குப் போகும் அன்று, மீதி இடத்துக்கு ஏற்றபடி மடல் சார் நிரப்பிக்கொள்வார். அது வழக்கம், யாரும் குறை சொன்னதில்லை.

மே இதழுக்கு அந்தக் கட்டத்தை நிரப்ப அச்சகத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஐந்து வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. முதலில் ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று கை தானாக எழுதியது. அடித்தார். ‘கவனக்குறைவால்’ என்று எழுதினார். அதையும் அடித்தார். கடைசியில் இப்படி எழுதினார்: ‘மார்ச் இதழ், மூன்றாம் பக்கம். நூலகப் படிக்கட்டின் கைப்பிடிக்கு வண்ணம் பூச வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சீட்டில் எழுதியிருந்தது: “கைப்பிடி கையோட வருது. தினம் பயந்துக்கிட்டே ஏறுறேன். யாராவது விழறதுக்கு முன்னாடி வந்து பாருங்க.” எழுதியவர் தெளிவாகவே எழுதியிருந்தார். நிர்வாகத்துக்குப் பயந்து மாற்றியவன் நான். விசாரணையிலும் இதை மறைத்தேன்.’ கீழே தன் முழுப் பெயரைப் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பெயர் மடலில் வந்தது அன்றுதான்.

யாரும் படிக்காத கட்டத்தை ஐந்தாம் தேதி மதியத்துக்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள். கேன்டீனில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. இத்தனை வருடம் சீட்டுப் போட்டவர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் எழுதியது என்னவாயிற்று என்று கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. ஒருவரும் அவரோடு உட்காரவில்லை. அவர் மனைவி மட்டும் தேர்வுப் பிரிவுக்காரர்களை விட்டுவிட்டு எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்து, தன் டப்பாவைத் திறந்தாள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

துணைப் பதிவாளர் கூப்பிட்டுக் குதி குதியென்று குதித்தார். ஆனால் அச்சில் வந்ததை அழிக்க முடியுமா? பத்தாம் தேதி குழு, வேலையில் பட்ட காயம் என்று எழுத வேண்டியதாயிற்று. பதினோராம் தேதி மடல் சாருக்கு ஆவண அறைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தகரப்பெட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு, மே இதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

இந்தத் தடவை உட்காராமல், மூணாம் மாடியக்காவிடம் இதழை நான்காம் பக்கம் தெரியும்படி மடித்துக் கொடுத்தார். அவள் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். தன் வரி வந்ததும் குரல் உயர்ந்தது. அதை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

“அப்ப நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்” என்றாள் தங்கையைப் பார்த்து.

“ஆமாம்மா” என்றார் மடல் சார். “நல்லாவே எழுதியிருந்தீங்க.”

அவள் இதழை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். பிறகுதான் அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்காலி அதே மூலையில்தான் இருந்தது. அதைத் துடைத்துப் போடும்படி அவள் தங்கையிடம் சொல்லவில்லை. மடல் சார் வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.