உதட்டில் ஒரே இடத்தில் வந்த புண்

பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பது என் பிழைப்பு. கணவர் இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறேன். நாளெல்லாம் தண்ணீரில் குனிந்து நின்றால் இடுப்பு விட்டுப்போகும். தாங்கவே முடியாமல் போனால் எப்போதாவது கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன்.

போன வருஷம் கீழுதடு எரிந்து, கொப்புளமாகிப் புண்ணானது. ஆறிய இடத்தில் கறுப்புத் தழும்பு நின்றது. அடுத்த மாதம் அதே இடத்தில் மறுபடி வந்தது. மூன்றாம் முறை வாய்க்குள்ளும் பரவியது.

எங்கள் ஊர் பழைய டச்சுக் கல்லறையின் மதிலோரம் மதியம் என்னோடு சேர்ந்து சாப்பிடும் பெண்கள் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள்.

"கோச்சுக்காதக்கா, வூட்ல கொயந்தைங்க இருக்குது. இது இன்னா சீக்குன்னே தெரியல" என்றாள் தோழி மல்லிகா. நான் என் சோற்றை எடுத்துக்கொண்டு மதிலின் மறுகோடிக்குப் போனேன்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா உதட்டைப் பார்த்துவிட்டு, "ஒவ்வொரு வாட்டியும் இதே இடத்துலதான் வருதா? வர்றதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. மூன்று முறையும் வலி மாத்திரை போட்ட மறுநாளே புண் வந்திருந்தது.

"அந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கலம்மா. இனிமே தொடாதீங்க, போடப் போட அதிகமாகும். இது யாருக்கும் தொத்தாது" என்றார். மாத்திரையை நிறுத்தி, அவர் தந்த களிம்பைத் தடவினேன். இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது.

மல்லிகாவிடம் சொன்னேன். தலையாட்டினாள். ஆனாலும் பல நாள் தள்ளியேதான் உட்கார்ந்தாள்.

இப்போது அந்த மாத்திரையின் பெயரை டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டை எந்த மருந்துக்கடையிலும் முதலில் நீட்டுகிறேன். உதட்டுப் புண்ணோடு யாரைப் பார்த்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னா மாத்திரை போட்ட?" என்று கேட்கிறேன்.