லேப்டாப் பையும் என் இடது தோளும்

காது கேட்கும் கருவிகளை வீடு வீடாகப் போய்ச் சரிசெய்து கொடுப்பது என் தொழில். காதுக்கான வேலை என்று நம்பித்தான் சேர்ந்தேன், பன்னிரண்டு வருடமாக உழைப்பது என்னவோ தோள்தான்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு எங்கள் கம்பெனியில் நான் ஒருத்திதான் ஆள். கருவி வாங்கியவர் வீட்டுக்குப் போய், அதை லேப்டாப்போடு இணைத்து, அவர் காதுக்குத் தகுந்த மாதிரி சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்துவிட்டு வர வேண்டும். லேப்டாப், சார்ஜர், கருவியை இணைக்கிற பெட்டி, வயர்கள், பேட்டரி அட்டைகள், காதுக்குள் அச்சு எடுக்கிற களிம்பு, எல்லாம் ஒரே பையில். பஸ்ஸில் லேப்டாப் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்காமல் போகிற அத்தனை பேரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அரை இஞ்சு

கம்பெனி கொடுத்த முதல் பை ஒற்றைப் பட்டைப் பை. குறுக்காக மாட்டினால் துப்பட்டா கசங்குகிறது என்று இடது தோளிலேயே தொங்கவிட்டுக்கொண்டு நாலு வருடம் அலைந்தேன். பட்டை தோளில் பதிந்து, ராத்திரி தொட்டுப் பார்த்தால் கயிறு கட்டிய இடம் மாதிரி தடமாக இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பாளையம்பட்டியில் எனக்குத் துணி தைக்கிறவள் முத்துலட்சுமி. ஒருநாள் சுடிதாருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தவள், டேப்பை வைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தாள். என் வீட்டிலும் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. ஆனால் கண்ணாடி முன்னால் போனால் நாம் நிமிர்ந்து நின்றுகொள்கிறோம். தனியாக இருக்கிறவளுக்குத் தன் தோள் இறங்கியிருப்பதைத் தெரிந்துகொள்ள டேப் பிடிக்கிற ஒருத்தி வேண்டியிருக்கிறது. முத்துலட்சுமி நோட்டில் அளவை எழுதிக்கொண்டே சொன்னாள்: "யக்கா, ஒங்க இடது தோளு அரை இஞ்சு எறங்கிருக்கு. துணிய நான் சரிபண்ணிருவேன், தோள யாரு சரிபண்ணுவா?"

முதுகில் நின்றவர்

பயந்துபோய் இரண்டு பட்டை வைத்த பை வாங்கினேன். அவசரத்தில் செய்த தப்பு, ஜிப்பை எண்ணி வாங்கியது. கடைக்காரர் ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து காட்டக் காட்ட, எனக்கு ஏதோ நாலு அறை வைத்த வீடு வாங்குகிற மாதிரி சந்தோஷம். நான் ஐந்தடி. பையோ ஆறடி ஆணுக்காகத் தைத்தது. மாட்டினால் இடுப்புக்குக் கீழே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு எட்டுக்கும் பின்னாலிருந்து ஒரு இடி கொடுத்தது.

மறுநாள் திருச்சுழி பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. நான் இந்தப் பக்கம் திரும்பினால் ஒரு பெரியவர் கண்ணாடி கழன்றது. மன்னிப்புக் கேட்க அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு அம்மாள் கையிலிருந்த முட்டை அட்டை ஆடியது. கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என்னையும் பையையும் ஏற இறங்கப் பார்த்தார். அவர் சொன்னதைக் கேட்டு பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். காலையிலிருந்து என்னிடம் யாரும் பேசியிருக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அவர் கேட்டது இதுதான்: "ஒங்களுக்கு டிக்கெட் குடுத்தாச்சு யக்கா. முதுகுல நிக்கிறவுக எந்த ஊரு போறாக?"

சூடு

அந்தப் பைக்கு இன்னொரு குணம். முதுகோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும், காற்று நுழைய வழியே கிடையாது. சித்திரை மாதம், அருப்புக்கோட்டையில் தறிக்காரர் ராமலிங்கம் வீட்டுக்கு நடந்தே போனேன். நாற்பது வருடம் தறிச் சத்தத்துக்குள்ளேயே இருந்து காது போனவர் அவர். கறுப்புப் பை வெயிலை எல்லாம் உறிஞ்சி உள்ளே வைத்திருந்தது. லேப்டாப்பைத் திறந்தால் சூடு தாங்காமல் அதுவாகவே அணைந்துவிட்டது.

அவர் மனைவி சௌடம்மா அதை மேசை ஃபேன் முன்னால் கைக்குழந்தையைக் கிடத்துகிற மாதிரி வைத்துவிட்டு, எனக்கு மோர் கொண்டுவந்தார். வீட்டுக்குள் அவர்கள் பேச்சு கன்னடம், என்னோடு தமிழ். இரண்டு மொழியிலும் அவர் குரல் தெருக்கோடிவரை போனது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். வேலை எதுவும் இல்லாமல் அடுத்தவர் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன், கணக்கு வரவில்லை.

கடைசியில் லேப்டாப் கண் திறந்தது. கருவியை அவர் காதில் மாட்டி, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். சௌடம்மா வழக்கம்போல ஏதோ கேட்டார். ராமலிங்கம் திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு, கன்னடத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அந்த அம்மாள் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கண் கலங்கச் சொன்னார்: "மெதுவாப் பேசுங்கிறாரும்மா. பதினெட்டு வருசமாக் கத்தியே பழகிருச்சு, எனக்கு மெதுவாப் பேச வரலையே!"

மேசை மேல்

ஒருநாள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இடது கை விரல்கள் மரத்துப்போய், ஒருவருடைய கருவியைக் கீழே போட்டுவிட்டேன். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். நல்லவேளை, பாயில் விழுந்தது. விரல் சொன்னபடி கேட்காவிட்டால் இந்த வேலையில் நான் இல்லை. இந்த வேலை இல்லாவிட்டால் நான் போய் நிற்க வேறு இடமும் இல்லை. தம்பி கோயம்புத்தூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான், அவ்வளவுதான்.

டாக்டர் என்னைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண். கையைப் பார்ப்பதற்கு முன்னால் பையைக் காலி பண்ணச் சொன்னாள். மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். இரண்டு தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், குடை, மாற்றுத் துணி, டார்ச் லைட், மருந்து டப்பா, தீர்ந்துபோன பேட்டரிகள், தையல் ஊசி, தாள்கள், வீட்டுச் சாவி இரண்டு கொத்து. லேப்டாப் கடைசியாக வந்தது. வழியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று வருடக்கணக்காக ஒவ்வொன்றாகச் சேர்த்தது. பை பெரிதாக இருந்ததால் அதுவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் மேசையைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "எல்லாத்தையும் நீங்களே தூக்கிட்டுப் போறீங்களேக்கா, மறந்துட்டா வீட்ல இருந்து கொண்டுவந்து தர ஆள் இல்லையா?"

நடந்து பார்த்தது

பை எப்படி வாங்க வேண்டும் என்று அந்தப் பெண்தான் சொல்லிக்கொடுத்தாள். பையின் அடி இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது. பட்டை அகலமாகவும் பஞ்சு வைத்தும் இருக்க வேண்டும். லேப்டாப் முதுகை ஒட்டிய அறையில் இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் வலைத்துணி இருந்தால் வேர்வை தங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலிப் பையை மாட்டிப் பார்த்து வாங்கவே கூடாது. கடையில் மாட்டும்போது எந்தப் பையும் சுகமாகத்தான் இருக்கும்.

அதனால் என் சாமான்களை எல்லாம் ஒரு கட்டைப்பையில் கடைக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு பையிலும் அவற்றை அடுக்கி, மாட்டி, தெருமுனை வரை நடந்து திரும்பி வந்தேன். முதல் பை கழுத்தை அறுத்தது. இரண்டாவதில் நெஞ்சுப் பட்டை பெண்களுக்குப் பொருந்தாத இடத்தில் இருந்தது. மூன்றாவது வழுக்கியது. நாலாவதை மாட்டிக்கொண்டு முனை வரை போனவள், முதுகில் பை இருப்பதையே மறந்து அடுத்த தெருவுக்குள் நுழைந்துவிட்டேன். ஞாபகம் வந்து ஓடிவந்தால், கடைக்காரர் வாசலுக்கு வெளியே வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் கிடைத்துவிட்டேன் என்ற நிம்மதியும் கோபமும் சேர்ந்து சொன்னார்: "நடந்து பாத்து வாங்குறது செருப்பும்மா, பை இல்ல!"

விசில்

பரளச்சியில் அழகர்சாமி என்று பயிர் வைக்கிற ஒரு சம்சாரி. மானாவாரி நிலம், சொந்த வீடு, மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருடம். பெங்களூரில் இருக்கிற மகன் கருவி வாங்கிக் கொடுத்திருந்தான். மாட்டிவிட்டு வந்த மாதமே போன்: "விசில் அடிக்குது தாயி." காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் கருவி விசில் மாதிரி கீச்சிடும். போனேன், அடிக்கவில்லை. அடுத்த மாதமும் அதே போன். போனேன், அன்றும் அடிக்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது எனக்குக் கோபம். புதுப் பை வலிக்கவில்லைதான், ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கிக் கரிசல் காட்டு வழியில் ஒரு மைல் நடக்க வேண்டும். இந்தத் தடவை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன்.

பஸ் ஸ்டாப்பிலேயே அவர் நின்றிருந்தார். "குடு தாயி" என்று பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். வழியெல்லாம் மழை வராதது, கொத்தமல்லி விதைத்தது, மகனுக்கு லீவு கிடைக்காதது என்று பேசிக்கொண்டே வந்தார். வீட்டில் கருவியை லேப்டாப்போடு இணைத்தேன். அது எத்தனை மணி நேரம் காதில் இருந்தது என்று திரை காட்டிவிடும். நான் வந்துபோன நாட்களைத் தவிர, அவர் அதை மாட்டவே இல்லை. திரையை அவர் பக்கம் திருப்பி, "இது என்னய்யா?" என்றேன். கருவியை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "கருவியில ஒரு கொறையும் இல்ல தாயி. மாட்டிக்கிட்டு ஒக்காந்தா, கேக்குறதுக்குத்தான் இங்க ஒண்ணும் இல்ல."

நறுக்கென்று கேட்க வைத்திருந்தது எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் வீட்டிலும் சாயங்காலம் கதவைத் திறந்தால் கேட்கிற சத்தம் பூட்டுச் சத்தம் ஒன்றுதான். அவர் போட்ட கடுங்காப்பியைக் குடித்தேன். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்ததில் ஒரு பஸ் போய்விட்டது. கம்பெனிக்கு அனுப்பும் தாளில், 'விசில் வருகிறது, மாதம் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்' என்று எழுதி அவருக்கே வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. பையை மறுபடி தன் தோளில் போட்டு பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து, நான் ஏறியதும் ஜன்னல் வழியாக என் மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அடுத்த மாசம் எந்தத் தேதி விசில் அடிக்கும்னு சொல்லிட்டுப் போ தாயி."

ஆக, சக சுமைதாரர்களே, பட்டை அகலமாக, உயரம் உங்கள் அளவாக, முதுகில் காற்றுப் புகுகிற மாதிரி ஒரு பை பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற பாரங்களுக்கு அருப்புக்கோட்டைக் கடைகளில் இன்னும் பை வரவில்லை.