மூன்றாம் சரக்கறையின் கதவு

எங்கள் கப்பலில் இரண்டாம் சரக்கறைக்கும் மூன்றாம் சரக்கறைக்கும் நடுவே ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கிறது. கப்பலைக் கட்டும்போது அது கிடையாது. உலகப் போர் நேரத்தில் கோதுமையும் டின் உணவும் ஏற்ற, அமெரிக்காவில் இந்த வளைகுடாக் கரையிலேயே அவசர அவசரமாகக் கட்டி இறக்கிய சரக்குக் கப்பல் அது. பிறகு கடற்படை எடுத்துக்கொண்டு, சாம்பல் பெயின்ட் அடித்து, பீரங்கி பொருத்தி, சிப்பாய்களை ஏற்றிப்போகும் கப்பலாக மாற்றியது. கோதுமை மூட்டை சாப்பாடு கேட்காது, சிப்பாய் கேட்பான். சமையல்கட்டு மூன்றாம் சரக்கறைப் பக்கம் இருந்ததால் நடுச்சுவரை அறுத்துக் கதவு வைத்தார்கள்.

"எங்கள் கப்பல்" என்று நான் சொன்னாலே என் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த வளைகுடாவுக்குப் பக்கத்திலுள்ள டப்ளினில் மென்பொருள் வேலைக்கு வருவதற்கு முன் பல வருடம் கப்பல் இன்ஜினியராக இருந்தவன் நான். இப்போது அது மியூசியம் கப்பல். சனிக்கிழமைதோறும் சம்பளமில்லாமல் அதில் துரு சுரண்டப் போகிறேன். வீட்டில் ஒரு பல்பு மாற்ற நேரமில்லையாம், ஊரான் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்க நேரமிருக்கிறதாம் என்பது அவள் கட்சி. நியாயமான கட்சிதான்.

ஒரு சனிக்கிழமை எங்கள் ஆட்கள் ஆறேழு குடும்பத்தைச் சுற்றிக்காட்ட அழைத்துப்போனேன். பிரியாணி ட்ரேயும் தாளிச்சாவும் மேல்தளத்தில் காத்திருக்க, நான் இரண்டாம் சரக்கறையில் நின்று வரலாறு அளந்துகொண்டிருந்தேன். ஐந்து அடுக்குப் படுக்கைகள், மேலே படுத்தவன் வாந்தி எடுத்தால் கீழே படுத்தவன் கதி, போர் முடிந்து படுக்கைகளைப் பிடுங்கிவிட்டு அடுத்த போருக்கு வெடிமருந்து ஏற்றியது, கடைசியில் பழைய கப்பல்களோடு வரிசையாகக் கட்டிப்போட்டு வருடக்கணக்கில் துருப்பிடிக்க விட்டது. ஒரு மூலையில் மட்டும் படுக்கைகளை நாங்கள் திரும்ப மாட்டியிருக்கிறோம். பெரியவர்கள் போனைப் பார்த்தார்கள். பிள்ளைகள் எப்போது சாப்பாடு என்றார்கள். என் ஒன்பது வயது மகள் மட்டும் அந்தக் கதவைப் பற்றி மறுபடி மறுபடி கேட்டாள். மூன்றாம் சரக்கறை பல வருடமாக மூடியே கிடந்தது. சுத்தம் செய்ய அன்று காலைதான் கதவைத் திறந்து குறுக்கே கயிறு கட்டியிருந்தோம். யாரும் உள்ளே போகக்கூடாது என்று சொன்னேன்.

மேலே வந்து தட்டை நீட்டும்போது மகளைக் காணோம். ஆண்ட்டியோடு இருக்கிறாள் என்றாள் மனைவி. அந்த ஆண்ட்டி இன்னொரு ஆண்ட்டியைக் காட்டினார். நம் கூட்டத்தில் எல்லாப் பெண்களும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்ட்டிதான். அந்தத் தைரியத்தில்தான் கூட்டமாகக் கிளம்புகிறோம். கடைசி ஆண்ட்டியும் கையை விரித்ததும் தட்டைக் கீழே வைத்தேன். மகளின் தோழி ஒருத்தி, வாயில் சோற்றோடு சொன்னாள்.

"ஷி வாண்டட் டு ஸீ தட் டோர், அங்கிள்."

ஏணியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கயிறு அவிழ்ந்து தரையில் கிடந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் அவளுடைய தண்ணீர் பாட்டில். அந்தப் பக்கம் இருட்டு. பெயர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை.

ஒரு காலைக் கதவுக்குள் வைத்தவன் அப்படியே நின்றேன். மூடிக் கிடக்கும் இரும்பறையில், துரு காற்றிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். நாற்றம் இருக்காது, மூச்சு முட்டாது. நாலு எட்டு வைத்ததும் ஆள் விழுவான். நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் விழுந்தவனைத் தூக்கப் போனவன் விழுந்தான், அவனைத் தூக்கப் போனவனும் விழுந்தான். மூன்று பேரையும் பிணமாகத்தான் எடுத்தோம். காலை வெளியே இழுத்துக்கொண்டேன். பின்னால் ஓடிவந்த வெள்ளைக்கார வாலன்டியரை, காற்றைச் சோதிக்கும் மீட்டரும் மூச்சுக் கருவியும் கொண்டுவர மேலே விரட்டினேன்.

அதற்குள் மனைவி இறங்கிவிட்டாள். பாட்டிலைப் பார்த்தாள். கதவை நோக்கி ஓடினாள். இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க. பிள்ள உள்ள இருக்கு."

"உள்ள காத்து இல்ல. போனா நீயும் விழுந்துருவ."

"விழுந்தா விழுறேன், விடுங்க."

என் மணிக்கட்டைக் கடித்தாள். நான் விடவில்லை. என் வாய் அது பாட்டுக்கு ஓதிக்கொண்டிருந்தது. காற்றில்லாமல் ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த நேரம் போய்க்கொண்டிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

மீட்டர் வந்தது. ஒரு கம்பில் கட்டிக் கதவுக்குள் நீட்டினேன். அலறியது. உள்ளே உயிர் தங்காது என்று அர்த்தம். மூச்சுக் கருவியை முகத்தில் மாட்டும்போது எங்களுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"வாப்பா, ஒய் ஆர் யூ யெல்லிங்?"

மூலையிலிருந்த படுக்கை அடுக்கிலிருந்து இறங்கி நின்றாள், கழுத்தில் ஹெட்ஃபோன். கயிற்றை அவிழ்த்து எட்டிப் பார்த்தாளாம், இருட்டைக் கண்டு பயந்தாளாம். சிப்பாய் எப்படிப் படுத்தான் என்று பார்க்க மேலடுக்கில் ஏறி, பாட்டுக் கேட்டபடி படுத்துவிட்டாளாம். மனைவி முதலில் ஓர் அறை விட்டாள், பிறகு கட்டிக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மேலே எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நான் பிடித்திருக்காவிட்டால் பிள்ளை வெளியே இருக்க, தாய் உள்ளே செத்திருப்பாள் என்றார்கள். உண்மைதான்.

வீட்டுக்குத் திரும்பும்போது, கடிபட்ட என் கை வீங்கியிருந்ததால் மனைவிதான் டிரைவ் பண்ணினாள். மகள் பின்னால் தூங்கிவிட்டாள். பாலம் தாண்டியதும் மனைவி வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"நீங்க பண்ணது கரெக்ட்தான். எனக்கும் புரியுது," என்றாள். "ஆனா அவ உள்ளதான் இருக்கான்னு நெனச்சீங்கல்ல?"

"ஆமா."

"நெனச்சுக்கிட்டேதான் நின்னீங்க."

ஆமாம் என்றேன். அதற்குமேல் அவள் இன்றுவரை கேட்டதில்லை. மறுபடி அப்படி நேர்ந்தாலும் நான் கதவுக்கு வெளியேதான் நிற்பேன். அது இப்போது அவளுக்கும் தெரியும்.